எல்லார் கைக்கும் ஒரே அளவு

காலையில் என் மருமகள் உன் குடத்தில் கை வைத்துவிட்டாள்.

மாடிப்படிக்குக் கீழே, மண் நிரம்பிய, வாய் உடைந்த பிளாஸ்டிக் குடம் ஒன்றை வைத்திருக்கிறேன். அதில் முளைத்து நிற்கிற வெங்காயத்தாளில் ஒரு கொத்தைக் கிள்ளி, முட்டையோடு வதக்கப் போட்டுவிட்டாள். வாசனை நான் படுத்திருந்த கட்டில் வரைக்கும் வந்தது. எழுந்து போய் அடுப்பை அணைத்தேன்.

"இன்னா அத்த, நாலு தாளு கிள்ளுனதுக்கு இப்படி நிக்கிறீங்க? மார்க்கெட்டுல கட்டு கட்டா விக்குது" என்றாள்.

"அது மார்க்கெட்டு வெங்காயம் இல்ல."

"வெங்காயத்துல கூடவா ஒசத்தி கம்மி?" என்று சிரித்தாள். நல்ல பெண்தான். ஆனாலும் போன தீபாவளிக்கு என் புடவையைப் பார்த்து அவள் சொன்ன ஒரு சொல் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. அது வேறு கதை. நான் எதையும் மறக்கிறவள் இல்லை என்பது உனக்குத்தான் தெரியுமே.

மிச்சத் தாளை எடுத்துவைத்தபோது ஒட்டிய வாசனை விரலை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். நீ பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவள். உயிரோடு இருந்திருந்தாலும் இதை யாராவது உனக்குப் படித்துத்தான் காட்டியிருக்க வேண்டும். பரவாயில்லை. வாய்விட்டுப் பேசினால் கிழவி தனியாகப் பேசுகிறாள் என்பார்கள். எழுதினால் பேரனுக்குக் கணக்குப் போடுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. வருகிற பௌர்ணமிக்கு உனக்கு முதல் குருபூசை. உன் குடிலில் சமையல் பார்க்கிற பெண் நேற்று போன் பண்ணினாள். "ஆயா, இந்தத் தடவ சோத்து உருண்ட புடிச்சுக் குடுக்க நீங்கதான் வரணும். அம்மாகூட அந்தக் காலத்துல இருந்து பழகினவங்க இப்ப நீங்க ஒருத்தருதான்" என்றாள். பார்க்கலாம் என்றேன். போனை வைக்கும்போது அவள் சொன்ன கடைசி வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

"ஒருத்தருக்கு ஜாஸ்தி, ஒருத்தருக்குக் கம்மின்னு இருக்கக் கூடாது ஆயா. எல்லார் கைக்கும் ஒரே அளவு. அம்மா அப்படித்தான் குடுப்பாங்க."

எனக்கா சொல்கிறாள்! அந்த ஒரே அளவுக்காகத்தானே நான் உன்னோடு அத்தனை வருஷம் பேசாமல் இருந்தேன்.

ஊரெல்லாம் உன்னை அம்மா என்றது. நான் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை, இதிலும் கூப்பிட மாட்டேன். நாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் புள்ள என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம். நான் வடக்கனந்தலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, நடவுக்குப் போன முதல் நாள், வரிசையில் எனக்குப் பக்கத்தில் நின்றவள் நீ. நடவு வரிசையில் மூஞ்சியை யார் பார்க்கிறார்கள்? குனிந்தால் குனிந்ததுதான். பக்கத்தில் நடுகிறவளின் கைதான் கண்ணுக்குத் தெரியும். உன் மூஞ்சி எப்படி என்று எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே உன் கை தெரியும். கட்டைவிரல் நகம் பாதி கறுத்துப்போன கை. நாற்றைச் சேற்றில் அழுத்தும்போது சுண்டுவிரல் மட்டும் சேறு படாமல் தனியாகத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

"இன்னா புள்ள, உன் சுண்டுவெரலு மட்டும் வேலைக்கு வரலியா?" என்று நான்தான் முதலில் பேசினேன்.

"உன் கை மட்டும் இன்னா, கோழி கெளறுற மாதிரி இருக்குது" என்றாய்.

அன்றைக்கு ஆரம்பித்தது.

சோற்று நேரத்துக்கு வரப்பில் ஏறி உட்கார்ந்தால் எல்லோருடைய தூக்குவாளியும் திறக்கும். என் மாமியார் எனக்குக் கூழ் மட்டும் ஊற்றி அனுப்புவாள். தொட்டுக்கொள்ள ஒன்றும் வைக்கமாட்டாள். அவள் செத்து எலும்பும் மண்ணாகியிருக்கும், நான் இன்னும் அதை விடவில்லை. உன் வாளியில் களியும் இருக்கும், வெங்காயமும் இருக்கும். ஆனால் உன் நாத்தனாரும் அதே வரிசையில்தான் நட்டுக்கொண்டிருந்தாள். நீ எனக்கு எதையாவது எடுத்துக் கொடுப்பதைப் பார்த்தால், சாயங்காலம் உன் வீட்டில் போய் ஓதிவிடுவாள். அதற்கு நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். களியை உருட்டி, நடுவில் விரலால் குழி பண்ணி, உரித்த சின்ன வெங்காயம் ஒன்றை உள்ளே வைத்து மூடிவிடுவாய். பிறகு, "களி கட்டி தட்டிப் போச்சு, எனக்கு வாணாம், நீயே தின்னு" என்று என் பக்கம் தள்ளுவாய். உன் நாத்தனார் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒன்றும் புரியாது. நான் கடிப்பேன். வெங்காயம் நறுக்கென்று பல்லில் படும். காரம் மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வரும். நீ வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருப்பாய்.

அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணங்களில், எத்தனையோ இலையில் சாப்பிட்டுவிட்டேன். அந்த ருசி எதிலும் இல்லை.

கரும்பு வெட்டப் போன இடத்தில் என் இடது கைச் சுண்டுவிரலில் கத்தி இறங்கியதே, அதையும் நினைத்துப் பார். மேஸ்திரி, "ஓரமா போய் உக்காரு, வேலைய கெடுக்காத" என்றான். அவன் பெயர் எனக்கு ஞாபகம் இருக்கிறது, எழுதினால் அவன் பேரப்பிள்ளைகள் வருத்தப்படுவார்கள். நீ கத்தியைப் போட்டுவிட்டு வரப்பில் வெட்டுக்காயப் பூண்டைப் பிடுங்கி, வாயில் மென்று சாற்றைக் காயத்தில் பிழிந்தாய். முந்தானையைக் கிழித்துக் கட்டினாய். நல்ல முந்தானை அது, உன் அம்மா வீட்டில் எடுத்துக் கொடுத்தது. காயம் ஆறியது, விரல் மட்டும் கோணிக்கொண்டது. நான் அதைப் பார்த்துப் பார்த்து அழுதபோது நீ சொன்னாய்: "போவட்டும் வுடு புள்ள. இனிமே ஆயிரம் கைக்கு நடுவுல இருந்தாலும் உன் கைய நான் கண்டுபுடிச்சிடுவேன்."

இந்தச் சொல்லைத்தான் பிற்பாடு நீ மறந்துவிட்டாய் என்று நினைத்தேன்.

கடுக்காய் பொறுக்க மலைக்கு ஆள் கூப்பிட்டார்கள், போனோம். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அந்தப் பக்கம். அங்கே ஓடை ஓரத்துப் பாறையில் ஒரு கிழவர் இருந்தார். சடையும் இல்லை, காவியும் இல்லை, ஒரு கோவணமும் துண்டும்தான். மலைக்காரர்கள் போகிற போக்கில் அவரிடம் சாமையோ பழமோ வைத்துவிட்டுப் போவார்கள். நாங்கள் எல்லோரும் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம். நீ மட்டும் அவர் எதிரில் உட்கார்ந்துவிட்டாய். என்ன கேட்டாய் என்று தெரியாது. அவர் உன்னிடம், மூச்சு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் சும்மா பார்த்துக்கொண்டிரு என்று மட்டும் சொன்னதாக இறங்கும்போது சொன்னாய்.

"மூச்ச பாக்கறதுக்கு இன்னாத்துக்குடி மலை ஏறணும்?" என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. நான் ஒன்று சொல்லி நீ சிரிக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு சோற்று நேரத்தில் வாளியைத் திறந்து வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவாய். தூங்குகிறாள் என்று மற்றவர்கள் கிண்டல் பண்ணுவார்கள். பேய் பிடித்திருக்கிறது என்றுகூட உன் நாத்தனார் சொன்னாள். காக்கா கொத்தாமல் உன் களியைக் காத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். இன்றைக்கு உன்னைச் சுற்றி இருந்தோம் என்று சொல்லிக்கொள்கிறவர்களில் ஒருத்தராவது அந்தக் காக்காவை ஓட்டியிருப்பார்களா, கேள்.

உன் வீட்டுக்காரர் செத்துப்போனார். பிள்ளைகள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். நீ கச்சிராயபாளையம் தாண்டி, மலையடிவாரத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். முதல் அரிசி மூட்டையை அங்கே தலையில் வைத்துச் சுமந்து வந்தவள் யார்? சரி, சொல்லிக்காட்டவில்லை. பிறகு ஆள்கள் வர ஆரம்பித்தார்கள். உன் முன்னால் உட்கார்ந்தால் படபடப்பு அடங்குகிறது என்றார்கள். குடிசை குடில் ஆனது, நீ அம்மா ஆனாய். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அண்டாவில் பருப்புச் சோறு கிண்டி, நீயே உட்கார்ந்து உருண்டை பிடித்து ஒவ்வொரு கையிலும் வைப்பாய். தியானத்துக்கு உட்காருகிறவர்களுக்கு ஆகாது என்று வெங்காயம், பூண்டு இரண்டையும் குடிலுக்குள் சேர்க்கக் கூடாது என்றாய். வெங்காயம் ஆகாது என்று நீ சொல்லி, அதையும் நான் கேட்க வேண்டியிருந்தது.

நாம் சண்டை போட்ட பௌர்ணமியை எடுத்துக்கொள். நான் எப்போதும் போல நேராக உள்ளே வந்தேன். ரைஸ்மில்காரம்மா, உன் குடிலுக்கு வருகிறவர்களில் பணக்காரி, பட்டுப் புடவையில் சேவை செய்துகொண்டிருந்தாள். என் தோளைப் பிடித்துத் திருப்பி, "லைன்ல வாங்கம்மா" என்றாள். அந்தப் பிடி இன்னும் என் தோளில் இருக்கிறது. நான் உன்னைப் பார்த்தேன். நீ அண்டாவின் மேல் குனிந்து உருட்டிக்கொண்டிருந்தாய். தலையைத் தூக்கவில்லை. வரிசையில் நின்று வந்தேன். நீ யாருடைய மூஞ்சியையும் பார்க்கவில்லை. நீட்டுகிற கையைப் பார்த்தாய், உருண்டையை வைத்தாய், அடுத்த கை. அவ்வளவுதான். என் முறை வந்தது.

"புள்ள, நான்தான்" என்றேன்.

"தெரியுது. நவுரு, பின்னால ஆளு நிக்குது" என்றாய்.

கூட்டம் போகிற வரைக்கும் வேப்பமரத்துக்கு அடியில் உட்கார்ந்திருந்து உன்னைக் கேட்டேன். எனக்கும் அந்த ரைஸ்மில்காரிக்கும் உனக்கு ஒரு வித்தியாசமும் இல்லையா என்றேன். நீ கையைக் கழுவிக்கொண்டே சொன்னாய்.

"ஒருத்தர் மேல மட்டும் வச்சா அது பாசம் புள்ள. கயிறு மாதிரி. கட்டுனவளையும் இழுக்கும், கட்டுப்பட்டவளையும் இழுக்கும். இது அப்படி இல்ல. காத்து மாதிரி. காத்து எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அப்ப நானும் காத்து வாங்கிக்கினு போற ஒருத்தி."

"ஒரே காத்துதான். ஆனா அவங்கவங்க மூக்கு வழியாத்தான் உள்ள போவணும்" என்றாய்.

இரண்டாவதாகச் சொன்னது என் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. நான் அதற்குள் பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன். உன் கடவுளைப் பற்றி எனக்கு ஒன்றும் சண்டை இல்லை. நானும் கும்பிடுகிறவள்தான். ஆனால் எல்லோரையும் பிடித்த ஒருத்திக்கு என்னையும் பிடிக்கும் என்பதில் எனக்கு என்ன இருக்கிறது? மழை எல்லார் வீட்டிலும் பெய்கிறது. அதற்காக மழைக்கு என்னைத் தெரியும் என்று சொல்ல முடியுமா?

அப்புறம் என் வீட்டுக்காரர் செத்தார். அதை நான் எழுதாமல் விடமாட்டேன். வாசலில் போட்டிருக்கிறோம், பறை அடிக்கிறது, சொந்தம் எல்லாம் வந்து மார் அடித்து அழுகிறது. நான் அழாமல் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டோ வந்து நின்றால் நீதான் என்று எழுந்திருப்பேன். நீ வரவில்லை. சமையல் பார்க்கிற அந்தப் பெண்தான் வந்தாள். கையில் திருநீற்றுப் பொட்டலம். "அம்மா மூச்சப் பாத்துக்கச் சொன்னாங்க" என்றாள். ஒரு சாவுக்குப் போனால் எல்லாச் சாவுக்கும் போக வேண்டும் என்று நீ எங்கேயும் போவதில்லையாம். அது ஊருக்கு. எனக்குமா?

அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. சுவரில் இருந்த ஆணியில் குத்திவைத்தேன். கோபம் ஆறிப்போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு பொருள் வேண்டும் அல்லவா?

வருஷங்கள் போயின. நாங்கள் கள்ளக்குறிச்சிக்கே குடிவந்துவிட்டோம், பொட்டலமும் கூடவே வந்து இந்த வீட்டு ஆணியில் ஏறியது. ஒரு பௌர்ணமியன்று, ஏன் என்று தெரியாது, ஆணியிலிருந்து பொட்டலத்தை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு பஸ் ஏறினேன். உன் திருநீற்றை உன்னிடமே கொடுத்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரவேண்டும். வழியெல்லாம் அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வரிசையில் நின்றேன், யாரும் சொல்லாமலே. என் முறை வந்தது. கை இரண்டையும் நீட்டினேன். நீ நிமிரவில்லை. ஆனால் உருட்டிக்கொண்டிருந்த உன் கை கொஞ்சம் நின்றது. இடுப்பில் இருந்த சுருக்குப்பைக்குப் போய்விட்டு வந்தது. திருநீறு வைத்திருக்கிற பை என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு உருண்டை என் கையில் இருந்தது. அதே அளவு. நான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தை வாயில் வரவில்லை. பின்னால் நின்றவள் இடித்தாள். நகர்ந்துவிட்டேன்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் அந்த உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தேன். தின்ன மனசு வரவில்லை. அங்கே ஒரு செவலை நாய் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றது. போட்டேன். ஆமாம், உன் பிரசாதத்தை நாய்க்குப் போட்டேன். இதை நான் வருத்தப்பட்டுச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நாய் நக்கி நக்கிச் சோற்றை எல்லாம் தின்றது. ஒன்றை மட்டும் மூக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, தும்மிவிட்டுப் போய்விட்டது. குனிந்து பார்த்தேன்.

உரித்த சின்ன வெங்காயம்.

எடுத்து முந்தானையில் துடைத்து, பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வாயில் போட்டுக் கடித்தேன். நறுக்கென்றது. காரம் மூக்கில் ஏறியது. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "ஏன் ஆயா அழுவுறீங்க?" என்றார்.

"வெங்காயம்" என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார், பையைப் பார்த்தார். எங்கேயும் வெங்காயம் இல்லை. தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தைத் திரும்பவும் ஆணியில் குத்திவைத்தேன். ஒரு வெங்காயத்துக்காக என் வீட்டுக்காரர் சாவுக்கு வராததை விட்டுவிட முடியாது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு பௌர்ணமியும் தவறவில்லை. கை நீட்டுவேன், நீ குனிந்தபடியே வைப்பாய், நான் வேப்பமரத்தடிக்குப் போய்க் கடிப்பேன். இருக்கும். ஒரு தடவையும் இல்லாமல் போனதில்லை. அதைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வெங்காயம் ஆகாத இடத்தில், ஆகாது என்று சொன்னவளே எனக்கு மட்டும் வைக்கிறாள். அந்த "எனக்கு மட்டும்" இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டுவேன். பட்டுப் புடவையில் பக்தியாக உருண்டை வாங்கிப்போகிற ரைஸ்மில்காரம்மாவைப் பார்க்கும்போது எனக்குப் பாவமாக இருக்கும். வெறும் சோறு தின்கிறாள் என்று.

பிறகு நீ போனாய். உட்கார்ந்தபடியே மூச்சு நின்றிருந்தது என்றார்கள். குழி வெட்டி, உன்னைச் சம்மணமிட்டு உட்காரவைத்து, திருநீறும் கற்பூரமும் வில்வமும் கொட்டினார்கள். எல்லோரும் உன் மூஞ்சியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் உன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் வைத்திருந்தார்கள். கட்டைவிரல் நகம் பாதி கறுப்பு. சுண்டுவிரல் அப்போதும் கொஞ்சம் தூக்கிக்கொண்டுதான் இருந்தது. திருநீறு மேலே ஏற ஏற, கடைசியாக மறைந்தது அதுதான்.

பூசை முடிந்து சோறு போட்டார்கள். சமையல் பார்க்கிற அந்தப் பெண் அழுதுகொண்டே உருண்டை பிடித்துக் கொடுத்தாள். எனக்குத் தெரியும் உள்ளே ஒன்றும் இருக்காது என்று. தெரிந்தும் விரலை விட்டுப் பார்த்தேன். சோறுதான். நிமிர்ந்தால், எனக்கு எதிரில் ரைஸ்மில்காரம்மா அவளுடைய உருண்டையை இரண்டாகப் பிட்டு, அதை மறுபடியும் பிட்டு, பருக்கை பருக்கையாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா தேடறீங்க?" என்றேன்.

"நீங்க இன்னா தேடறீங்க?" என்றாள்.

என் பதிலுக்கு நிற்காமல் அவளே, "வெல்லம்" என்றாள். அவளுக்கு எப்போதும் உள்ளே ஒரு துண்டு வெல்லம் இருக்குமாம். அவளைப் பெற்ற அம்மா உயிரோடு இருந்தபோது, பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரத்தில் கையில் ஒரு துண்டு வெல்லம் வைத்து அனுப்புவார்களாம். எப்போதோ ஒரு தடவை பேச்சுவாக்கில் உன்னிடம் சொன்னாளாம். "எனக்கு மட்டுந்தான் வச்சாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்கா" என்று அழுதாள். பட்டுப் புடவை எல்லாம் சோறு.

பக்கத்தில் இருந்த மலைக்காரப் பெரியவர், விறகு கொண்டுவந்து போடுகிறவர், மெதுவாக, "எனக்கு சுட்ட பலாக்கொட்ட" என்றார். அப்போதுதான் பார்த்தேன். பந்தி முழுக்க யாரும் சாப்பிடவில்லை. எல்லோரும் உருண்டையைப் பிட்டுப் பிட்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தருக்கு உப்புக்கல், ஒருத்திக்கு வறுத்த வேர்க்கடலை. உளுந்தூர்பேட்டையிலிருந்து வருகிற லாரி டிரைவர் ஒருவர் மட்டும் பிட்டுப் பார்க்காமல் தின்றுகொண்டிருந்தார். உங்களுக்கு என்ன இருக்கும் என்று யாரோ கேட்டார்கள்.

"எனக்கு வெறும் சோறுதாங்க" என்றார். "சின்ன வயசுல சோறே இல்லாம கெடந்தவன். எனக்கு அதுக்குள்ள இன்னொண்ணு எதுக்கு?"

ரைஸ்மில்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்கு இன்னா வைப்பாங்கக்கா?" என்று கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்றேன்.

சொல்வேனா? அன்றைக்கு உன் மேல் வந்த கோபம், என் வீட்டுக்காரர் செத்த அன்றைக்குக்கூட வரவில்லை. எனக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே. ஒவ்வொருத்தரையும் அப்படியே நினைக்க வைத்திருக்கிறாய். திருடி. மண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாய், வெளியே இழுத்துப் போட்டுக் கேட்கவும் முடியாது. கிளம்புகிறேன் என்று எழுந்தேன். அந்தப் பெண் பின்னாலேயே ஓடிவந்து, என்னைக் குடிலுக்குப் பின்பக்கம் கூட்டிப்போனாள். நந்தியாவட்டைச் செடிக்குப் பின்னால், வெளியே தெரியாமல், வாய் உடைந்த ஒரு பிளாஸ்டிக் குடம். அது நிறைய வெங்காயத்தாள்.

"இத அம்மாவே தண்ணி ஊத்தி வளத்தாங்க, எதுக்குன்னு கேட்டா சிரிப்பாங்க. குடில்ல வெங்காயம் இருக்கறத யாராவது பாத்தா இன்னா நெனப்பாங்க? நீங்க எடுத்துக்கினு போயிடுங்க ஆயா" என்றாள்.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீடு வருவதற்குள் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. வெல்லம் யார் வேண்டுமானாலும் கொண்டுவந்து தருவார்கள். பலாக்கொட்டை மலையிலிருந்து வரும். வெங்காயத்துக்கு மட்டும் உன் குடிலுக்குள் வர வழியில்லை, நீயே அடைத்துவைத்த வழி. அதனால் நீயே வளர்த்தாய். எல்லார் கைக்கும் ஒரே அளவுதான், சரி. ஆனால் என்னுடையதற்குத்தான் நீ தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறாய். அளவு பார்க்காதே என்பாய். பார்க்கத்தான் பார்ப்பேன்.

ஒரே காற்றுதான், ஆனால் அவரவர் மூக்கு வழியாகத்தான் உள்ளே போகவேண்டும் என்றாயே, அதைச் சமயத்தில் கேட்டிருந்தால் அந்த வருஷமெல்லாம் மிச்சமாகியிருக்கும். நீயும் அதைக் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்கலாம். வரிசையில் நிற்கிறவர்களின் கையை மட்டும் பார்த்தாய் என்று நான் குறைபட்டேன். நடவு நட்டவளுக்குக் கையைத் தவிர வேறு எதைப் பார்த்து ஆளைத் தெரியும்? ஆயிரம் கைக்கு நடுவில் கண்டுபிடிப்பேன் என்றாய். கண்டுபிடித்தாய். அதே மாதிரி அந்த ஆயிரம் கையையும் கண்டுபிடித்தாய், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இன்னும் முழுசாகப் பொறுக்கவில்லை.

குருபூசைக்குப் போகிறேன். சாயங்காலம் அந்தப் பெண்ணுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். அண்டாவுக்குப் பக்கத்தில் நான் உட்காருவேன். யார் யாருக்கு என்ன என்று அன்றைக்குப் பந்தியில் ஒவ்வொருத்தரும் சொன்னது அப்படியே எனக்கு ஞாபகம் இருக்கிறது. உன்னை மாதிரி எல்லோர் மேலும் அன்பு வைக்க எனக்கு வராது. எனக்கு வந்தது ஞாபகம்தான். அதை வைத்துச் செய்கிறேன். ரைஸ்மில்காரம்மா கை நீட்டினால் வெல்லம் வைப்பேன். அவள் என் தோளைப் பிடித்ததையும் மறக்கமாட்டேன். டிரைவருக்கு வெறும் சோறு. முதல் உருண்டை உன் சமாதிக்கு. களி உருட்டிக் கொடுத்தவளுக்கு ஒரு தடவையாவது நான் உருட்டிக் கொடுக்க வேண்டாமா? அதற்குள் என்ன என்பது உனக்கும் எனக்கும்.

ஆணியில் இருந்த பொட்டலத்தையும் இன்றைக்குப் பிரித்தேன். நெற்றியில் கொஞ்சம் வைத்துக்கொண்டேன். நீ வராததற்கு இது ஈடாகாது, அதையும் எழுதி வைக்கிறேன்.

மத்தியானம் பழைய ரவிக்கைத் துணியில் ஒரு சுருக்குப்பை தைத்துக்கொண்டிருந்தேன். கோணல் விரலை வைத்துக்கொண்டு நூலை ஊசியில் கோக்க வரவில்லை. மருமகள் வந்து எட்டிப் பார்த்தாள். காலையில் நடந்ததற்குச் சமாதானம் பேச வந்தவள். ஊசியை வாங்கிக் கோத்துக் கொடுத்துவிட்டு, "எதுக்கு அத்த இந்த வயசுல சுருக்குப்பை? இதுல இன்னா வைக்கப் போறீங்க?" என்று கேட்டாள்.

திருநீறு என்றேன்.